'இன்ஜின் கொத்ததி சார்': இன்ஜின் மாற்றிய பழைய காருக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கலாம்?

கொண்டாப்பூரிலோ மணிகொண்டாவிலோ வாடகைக்கு இருக்கிறீர்கள். கச்சிபௌலிக்குப் போய்வர தினமும் கேப் பிடித்துப் பிடித்து அலுத்துவிட்டது. பழைய கார் ஒன்று பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறீர்கள். 2016 மாடல் டீசல் செடான் ஒன்று கண்ணில் படுகிறது. பெயின்ட் பளபளக்கிறது, சீட் கவர் புதிது. ஆனால் அதே மாடலை மற்றவர்கள் கேட்கும் விலையைவிட இவர் ஒரு லட்சம் கூடுதலாகக் கேட்கிறார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "இன்ஜின் கொத்ததி சார்". அதாவது, இன்ஜின் புதுசு.

அதே தெருவில் இன்னொரு கார். விலை ஒரு லட்சம் குறைவு. காரணம் கேட்டால் அவரும் அதையேதான் சொல்கிறார்: "இன்ஜின் மாத்தியிருக்கு சார், அதான் கம்மி ரேட்."

ஒரே விஷயம் ஒரு காரில் விலையை ஏற்றுகிறது, இன்னொன்றில் இறக்குகிறது. இதில் யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், இரண்டும் தவறாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

'இன்ஜின் மாற்றம்' என்றால் எது?

விற்பவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். ஆனால் அதற்குள் குறைந்தது ஐந்து விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, மாற்றமே நடக்காதது. இன்ஜினைப் பிரித்து, பிஸ்டன், ரிங், பேரிங் போட்டு மறுபடி பூட்டியிருப்பார்கள். இது இன்ஜின் வேலை, இன்ஜின் மாற்றம் அல்ல. இன்ஜின் எண் பிளாக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். பிளாக் மாறவில்லை என்றால் எண்ணும் மாறாது. "புது இன்ஜின்" என்கிறார், ஆனால் எண் ஆர்சியில் உள்ள அதே பழைய எண் என்றால், அவர் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, கம்பெனி சர்வீஸ் சென்டரில் புதிய இன்ஜினையோ, மெக்கானிக்குகள் 'ஹாஃப் இன்ஜின்' என்று சொல்லும் கீழ்ப்பகுதியையோ புதிதாகப் போடுவது.

மூன்றாவது, விபத்திலோ வெள்ளத்திலோ போன அதே மாடல் காரிலிருந்து கழற்றிய இன்ஜினை வாங்கிப் போடுவது. சென்னையில் புதுப்பேட்டையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, வேறு மாடல் அல்லது வேறு சிசி இன்ஜினைப் பொருத்துவது. அதிக பவருக்காக ஆசைப்பட்டுச் செய்வது பெரும்பாலும் இதுதான்.

ஐந்தாவது, எரிபொருளையே மாற்றுவது. சிஎன்ஜி கிட் பொருத்துவது, இன்ஜினை எடுத்துவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைப்பது இதில் சேரும். ஹைதராபாத்தைச் சேர்ந்த எட்ரியோ நிறுவனம் பெட்ரோல், டீசல் கார்களை மின்சார கார்களாக மாற்றும் வேலையில்தான் தொடங்கியது.

இந்த ஐந்துக்கும் ஐந்து விதமான மதிப்பு. எனவே விலை பேசும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எந்த மாற்றம்?"

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம்: ஏன் மாற்றினார்கள்?

நன்றாக ஓடும் இன்ஜினை யாரும் சும்மா மாற்ற மாட்டார்கள். ஆயில் பார்க்காமல் ஓட்டியது, ரேடியேட்டர் தண்ணீர் வற்றிச் சூடேறியது, டைமிங் பெல்ட் அறுந்தது என்றால் சேதம் பெரும்பாலும் இன்ஜினோடு முடிந்துவிடும். இன்ஜினை ஒழுங்காக மாற்றியிருந்தால் காரின் மற்ற பாகங்களைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் ஹைதராபாத்தில் கார் பார்க்கிறீர்கள் என்றால் இன்னொரு காரணத்தை மறக்கக் கூடாது. 2020 அக்டோபர் 13ஆம் தேதி இரவு ஞாபகம் இருக்கிறதா? பேகம்பேட்டில் 24 மணி நேரத்தில் சுமார் 19 செ.மீ. மழை. டோலிசௌக்கி நதீம் காலனி உட்படப் பல பகுதிகள் தண்ணீரில் மூழ்கின. தெருவில் நின்ற கார்கள் மிதந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்த வீடியோக்களை நாடே பார்த்தது. சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பரும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் அதே அனுபவம்.

வெள்ளத்தில் இன்ஜின் எப்படிப் போகிறது? இன்ஜினுக்குள் காற்று போக வேண்டிய வழியில் தண்ணீர் புகுந்துவிடும். பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. அதனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சில நேரம் உடைந்து பிளாக்கையே ஓட்டை போட்டுவிடும். நின்ற தண்ணீரில் பதற்றத்தோடு சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்வதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

இங்கே இன்சூரன்ஸ் உள்ளே வருகிறது. சாதாரண முழுக் காப்பீட்டில் இப்படிப் போன இன்ஜினுக்குப் பணம் கிடைப்பது கடினம். 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால்தான் கிடைக்கும். எடுக்காதவர் கைக்காசைப் போட வேண்டும். கைக்காசு என்றால் ஷோரூம் புது இன்ஜினைவிட மார்க்கெட்டில் கிடைக்கும் பழைய இன்ஜின் மலிவு. பழுது செலவு காரின் ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை 'டோட்டல் லாஸ்' என்று கணக்கை முடிக்கும். அந்த ஐடிவி வேகமாகக் கரையும்: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், நான்கிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 50 சதவீதம் தேய்மானம். அதனால் பழைய கார் ஒன்று முழங்கால் தண்ணீரில் நின்றாலே டோட்டல் லாஸ் ஆகிவிடலாம்.

அப்படி முடிக்கப்பட்ட கார்கள் எங்கே போகின்றன? ஏலத்தில் வியாபாரிகளிடம். சில உதிரிபாகமாகின்றன. சில சரி செய்யப்பட்டு மறுபடி ரோட்டுக்கு வருகின்றன. அமெரிக்காவில் இப்படிப்பட்ட காரின் உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்' என்று முத்திரை விழும். நம் ஆர்சியில் அப்படி ஒரு முத்திரை கிடையாது. காரின் கடந்த காலத்தை நீங்களேதான் தோண்ட வேண்டும்.

வெள்ளத்தால் இன்ஜின் போன காரில் பிரச்சினை இன்ஜின் அல்ல. அது மாறிவிட்டது. வயரிங், ஏர்பேக் கம்ப்யூட்டர், ஃப்யூஸ் பாக்ஸ், சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர்கள் எல்லாம் அப்படியே இருக்கும். அவை ஒரு வருடம் கழித்துத்தான் தொல்லை தரத் தொடங்கும். அப்போது கார் உங்களிடம் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இன்ஜின் மாற்றுவதே குற்றம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை. "பேப்பர் எல்லாம் ஒண்ணும் வேண்டாம், யாரு பாக்கப் போறா" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52தான் இதற்கான அடிப்படை. இன்ஜினை மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்சியில் புதிய எண்ணை ஏற்ற வேண்டும். கார் மீது கடன் இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும். அதே மாடலுக்குரிய, அதே எரிபொருள், அதே சிசி இன்ஜின் என்றால் இது நேரான வேலை.

வேறு சிசி, வேறு ரக இன்ஜின் என்றால் கதை வேறு. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தயாரிப்பாளர் நிர்ணயித்த அசல் அம்சங்களை மாற்றும் வகையில் வாகனத்தை மாற்றி அமைக்க முடியாது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கவனியுங்கள், இது 'உரிமையாளருக்கு'. நாளைக்கு அந்த உரிமையாளர் நீங்கள்.

சிஎன்ஜி, மின்சாரம் போன்ற எரிபொருள் மாற்றத்துக்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கிட், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் பொருத்தம், ஆர்சியில் எரிபொருள் மாற்றம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய இன்ஜின் எங்கிருந்து வந்தது? உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் இருந்த சோதிகஞ்ச் சந்தையை 2021இல் போலீஸ் மூடியது. திருடிய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகமாக விற்றதுதான் காரணம். பில் இல்லாத இன்ஜின் என்றால், அதன் எண் ஏதோ ஒரு ஊரின் எஃப்ஐஆரில் இருக்கலாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல் போலீஸ் தளத்தில் பதிவு எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண்ணைக் கொடுத்து அந்த வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. தவறவிடாதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம்

விற்பவரின் வாதம் எப்போதும் ஒன்றுதான்: "இன்ஜினுக்கு மட்டும் 1,60,000 ஆச்சு சார். நான் ஒரு லட்சம்தான் கூடக் கேக்குறேன்."

கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மார்க்கெட் விலையில் 'ஓடும் இன்ஜின்' ஏற்கனவே அடக்கம். இன்ஜின் இல்லாத காருக்கா அந்த விலை? செத்துப்போன இன்ஜினை மாற்றியதால் அவர் காரை மார்க்கெட் விலைக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் செலவழித்தது அவர் காரைக் காப்பாற்ற. உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் லாபம் எவ்வளவோ, அதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

அடிப்படை விலையை எப்படிப் பிடிப்பது? அதே மாடல், அதே ஆண்டு, அதே எரிபொருள், ஒரே மாதிரி கிலோமீட்டர், அசல் இன்ஜின். இப்படி ஹைதராபாத்தில் விற்பனைக்கு இருக்கும் ஐந்தாறு கார்களின் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிகமானதையும் குறைந்ததையும் விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். பழைய ரேட்டை நம்பாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய புதுக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக் கார் விலை இறங்கினால் பழைய காரும் இறங்கியாக வேண்டும். வியாபாரிகளிடம் வாங்கினால் இன்னொன்று: அவர்களின் லாப வரம்பின் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதம். அதுவும் விலைக்குள்தான் இருக்கும்.

உதாரணத்துக்கு, அடிப்படை விலை 4,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். உங்கள் காருக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கார் 1: ஷோரூமில் புது இன்ஜின், பில் இருக்கிறது, ஆர்சியில் எண் ஏறியிருக்கிறது, காரணம் ஆயில் பிரச்சினை. அசல் இன்ஜின் கார் வாங்கியிருந்தால் அடுத்த மூன்று ஆண்டில் இன்ஜின் வேலைக்கு நீங்கள் 40,000 ரூபாய் செலவழிக்க வேண்டி வரலாம் என்று உங்கள் மெக்கானிக் சொல்கிறார். அந்தச் செலவு இதில் மிச்சம். எனவே 4,90,000 வரை போகலாம். 5,50,000 இல்லை.

கார் 2: அதே மாடலின் பழைய இன்ஜின், கராஜ் பில், ஆர்சி சரி. இன்ஜின் இதற்கு முன் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. மறுபடி ஒரு இன்ஜின் வேலை வர வாய்ப்பு உண்டு. அதற்காக 50,000 கழியுங்கள். 4,00,000.

கார் 3: இன்ஜின் நன்றாக ஓடுகிறது, ஆனால் ஆர்சியில் பழைய எண்ணே இருக்கிறது. "நீங்களே ஆர்டிஏ-வில் மாத்திக்குங்க, அதுக்கு 20,000 குறைச்சுக்கிறேன்" என்பார். வேண்டாம். அது 20,000 ரூபாய் வேலையாக இருந்தால் அவரே செய்து 20,000 கூடுதலாக விற்றிருப்பார். அவர் பெயரில் எண் ஏறிய பிறகு வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இதற்குத் தள்ளுபடி என்று ஒரு எண்ணே கிடையாது.

கார் 4: வெள்ளத்தால் இன்ஜின் போனது, ஒப்புக்கொள்கிறார். கார் 1 அல்லது 2இன் கணக்கிலிருந்து மின்சாதனங்களுக்கு ஒரு பெரிய தொகையை ஒதுக்கிக் கழியுங்கள். ஒப்புக்கொள்ளாமல் நீங்களே கண்டுபிடித்தால், விலை பேசாமல் நடையைக் கட்டுங்கள். ஒன்றை மறைத்தவர் அதோடு நிறுத்தியிருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னும் ஒரு விஷயம். புது இன்ஜின் போட்டாலும் காரின் வயது குறையாது. ஆர்சியின் 15 ஆண்டு, முதல் பதிவு தேதியிலிருந்துதான் எண்ணப்படும். சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், துரு எல்லாம் பழைய வயதிலேயே இருக்கும்.

நல்ல இன்ஜினாக இருந்தும் ஏன் விலை குறைகிறது?

1970இல் பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். 2001இல் நோபல் பரிசு பெற அதுவும் ஒரு காரணம். அவர் சொன்னதன் சாரம்: காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் பயத்தில் விலையைக் குறைத்தே கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, சந்தையை விட்டுப் போய்விடுவார். மிச்சம் இருப்பது ஓட்டைக் கார்கள்.

இன்ஜின் மாற்றிய காருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அதனால்தான் பில் ஒரு வெறும் தாள் அல்ல, அதுவே காரின் மதிப்பில் ஒரு பகுதி. நீங்கள் இன்று கேட்கும் கேள்விகளையெல்லாம் மூன்று வருடம் கழித்து உங்களிடம் வாங்க வருபவரும் கேட்பார். அன்று காட்ட உங்களிடம் என்ன இருக்கும் என்று பார்த்தே இன்று விலை பேசுங்கள்.

பார்க்கப் போகும்போது என்ன செய்வது?

நான்கு இடங்களில் இன்ஜின் எண் ஒன்றாக இருக்க வேண்டும்: பிளாக், ஆர்சி, இன்சூரன்ஸ் பாலிசி, இன்ஜின் வாங்கிய பில். எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடமோ, புதுப் பெயின்டோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆன்லைனில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தெலங்கானா நீண்ட காலம் மத்திய அரசின் 'வாகன்' தளத்தில் சேராமல் தனி அமைப்பு வைத்திருந்தது. பொதுவாகவே ஆன்லைனில் எண்ணின் ஒரு பகுதி மறைக்கப்பட்டிருக்கும். அசல் ஆர்சி அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். "முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைங்க" என்று சொல்லிவிடாதீர்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருகிறதா, மூடியின் அடியில் பால் கலந்த மாதிரி வெளுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் கட்டாயம். சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஓபிடி ஸ்கேனர் மாட்டி, ஈசியூ-வில் பதிந்திருக்கும் சேஸிஸ் எண்ணும் காரின் சேஸிஸ் எண்ணும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேறு எண் வந்தால், இன்ஜினோடு ஈசியூ-வும் வேறு காரிலிருந்து வந்திருக்கிறது. ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என்று பல கம்பெனி கார்களில் ஓடியது. "எல்லாம் ஒரே இன்ஜின்தான் சார்" என்று மாற்றிப் போட்டிருந்தால், மவுண்ட், டர்போ, ஈசியூ வித்தியாசங்கள் இப்படித்தான் வெளியே வரும்.

வெள்ளம் பார்த்த காரா? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், சேற்றுக் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் மண், ஸ்டெப்னி குழியில் வண்டல் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும், சர்வீஸ் சென்டர் பதிவுகளையும் கேளுங்கள். 2020 அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் பெரிய பில் ஒன்று இருந்தால், அடுத்த கேள்வி என்னவென்று உங்களுக்கே தெரியும்.

வியாபாரியிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி அவருக்குப் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஊருக்குத் திரும்பும் நாள்

இதெல்லாம் எதற்கு, ஓடினால் போதாதா என்று தோன்றலாம். இரண்டு வருடம் கழித்து சென்னையிலோ கோவையிலோ வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். காரையும் எடுத்துப் போகிறீர்கள். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். தெலங்கானாவில் என்ஓசி வாங்கி, தமிழ்நாட்டில் வரி கட்டி, மோட்டார் வாகன ஆய்வாளர் முன் காரை நிறுத்துவீர்கள். அவர் பானெட்டைத் திறந்து எண்ணைப் பார்ப்பார்.

கொண்டாப்பூரில் விற்றவர் அன்று போனை எடுக்க மாட்டார். எண் ஒத்துப்போகவில்லை என்றால் மறுபதிவு நின்றுவிடும், வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. நடுவில் விபத்து நடந்திருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனியும் இதே கேள்வியைத்தான் கேட்கும்.

எனவே அடுத்த முறை யாராவது "இன்ஜின் கொத்ததி சார்" என்றால் மூன்றே கேள்வி கேளுங்கள்: என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், ஆர்சியில் ஏற்றிவிட்டீர்களா? மூன்றுக்கும் தாளோடு பதில் வந்தால் கொஞ்சம் கூடவே கொடுத்து வாங்கலாம், தப்பில்லை. மூன்றாவது கேள்விக்கு அவர் பேச்சை மாற்றினால், திரும்பிப் போக ஒரு கேப் புக் செய்துவிடுங்கள். அந்த மாதத்தில் நீங்கள் செய்யும் மிக மலிவான செலவு அதுவாகத்தான் இருக்கும்.